ரெண்டு நாய், ஒரு கிதார், ஒரு கொலைகாரன்: ஜானி கேஷோட 1994 ஆல்பம்

அட்டைப்படத்துலேர்ந்தே ஆரம்பிக்கிறேன், மொத்த கேஸும் அதுலயே இருக்கு. மேகம் கவுந்த வானம், கதிர் முத்துன வயல், நடுவுல நீளமா கறுப்பு கோட்டு போட்ட ஒரு பெரியவர், அவரு காலடியில ரெண்டு நாய். மேல பெரிய எழுத்துல கேஷ்னு பேரு, அவ்வளவுதான். ஒரு நாய் கறுப்பு, அதுல ஒரு வெள்ளைக் கோடு. இன்னொண்ணு வெள்ளை, அதுல ஒரு கறுப்புக் கோடு. கன்ட்ரிங்கிற அமெரிக்க கிராமத்துப் பாட்டு வகையில பெரிய பாடகரான ஜானி கேஷ், 1994 ஏப்ரல்ல போட்ட அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ் ஆல்பம் இது. பேருதான் அமெரிக்கன், படம் எடுத்தது ஆஸ்திரேலியாவுல, மெல்பர்ன் பக்கம் வெரிபிங்கிற ஊருல. நாயும் அவரு வளத்தது கிடையாது. ஆனா பின்னாடி பேட்டியில கேட்டப்ப, கறுப்பு நாய் பேரு பாவம், வெள்ளை நாய் பேரு மீட்பு, இதுதான் ஆல்பத்தோட விஷயமேன்னு சொல்லிட்டாரு. ரொம்ப மோசமா திரிஞ்ச காலத்துலயும் நான் முழுக்க மோசமில்ல, நல்லவனா இருக்கணும்னு முட்டி மோதுன காலத்துலயும் அந்தக் கறுப்புக் கோடு என்னை விட்டுப் போகலங்கிற அர்த்தத்துல பேசியிருக்காரு.

நிறைய பேரு இந்த ஆல்பத்தை பாவத்துலேர்ந்து மீட்புக்குப் போற பயணம்னு எழுதுறாங்க. நான் நாலஞ்சு வருஷமா திரும்பத் திரும்ப கேக்குறேன், எனக்கு அப்படி ஒரு பயணமே காதுல விழல. கொலை பண்ணவன் பேசுற பாட்டும் சிலுவையில வழியுற ரத்தத்தைப் பத்தின பாட்டும் ஒரே குரல், ஒரே சத்தம், ஒரே கிதார். எது பாவி பாட்டு எது பக்தன் பாட்டுன்னு வார்த்தையை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும், குரலை வெச்சு முடியாது. இந்த ஆல்பம் ஜெயிச்சதுக்குக் காரணமும் அதுதான், இதுல என்னை உறுத்துற ஒரு விஷயம் இருக்கே, அதுக்குக் காரணமும் அதேதான்னு நினைக்கிறேன். ஒண்ணொண்ணா வர்றேன்.

ஆளு அப்ப எங்க கிடந்தாரு

1932-ல ஆர்கன்சாஸ்ல கிங்ஸ்லாந்துங்கிற ஊருல பொறந்தவரு. பஞ்சக் காலத்துல ரூஸ்வெல்ட் அரசாங்கம் ஏழை விவசாயிகளுக்கு நெலமும் வீடும் குடுத்து டையஸ்னு ஒரு குடியிருப்பு உண்டாக்குச்சு, அங்க பருத்தி எடுத்து வளந்த குடும்பம். 1944-ல அவருக்கு 12 வயசு. அண்ணன் ஜாக் சனிக்கிழமை வேலைக்கு ஒரு பட்டறைக்குப் போறாரு, தம்பி வாண்ணே மீன் பிடிக்கப் போலாம்னு கூப்பிடுறாரு, இல்லடா வீட்டுக்குக் காசு வேணும்னு அண்ணன் போயிடுறாரு. அங்க மர அறுவை ரம்பம் வயித்தைக் கிழிச்சிருச்சு, ஒரு வாரம் கிடந்து செத்துப் போனாரு. பிரசங்கியா ஆகணும்னு பைபிளும் கையுமா திரிஞ்ச பையன் அவரு. சாகுற நேரத்துல தேவதூதருங்க பாடுறது கேக்குதும்மான்னு அம்மாகிட்ட சொன்னதா கேஷ் தன்னோட சுயசரிதையில எழுதியிருக்காரு. நல்லவன் போயிட்டான் நான் இருக்கேன்னு ஒரு பையன் 12 வயசுலேர்ந்து சுமக்க ஆரம்பிச்சா அது எங்க போய் நிக்கும்? நான் மனோதத்துவ டாக்டர் இல்ல, ஆனா பாவம் மீட்புங்கிற வார்த்தையெல்லாம் இவருக்கு ஞாயித்துக்கெழமை சர்ச்சுல மட்டும் கேட்ட சங்கதி இல்ல, அத மட்டும் சொல்லிக்கிறேன்.

அப்புறம் 1955-ல மெம்பிஸ், சன் ரெக்கார்ட்ஸ்னு ஒரு பாட்டு கம்பெனி. கிறிஸ்தவப் பாட்டு பாடத்தான் அங்க போனாரு, கம்பெனி முதலாளி சாம் பிலிப்ஸ் அது விக்காதுப்பான்னுட்டாரு. வீட்டுக்குப் போய் பாவம் பண்ணிட்டு விக்கிற பாட்டோட வான்னு பிலிப்ஸ் சொன்னதா ஒரு கதை சுத்துது, கேஷே அப்படியெல்லாம் நடக்கலன்னு மறுத்துட்டாரு, ஆனா கதை நல்லா இருக்குறதால யாரும் விடுறதா இல்ல. 1958-ல கொலம்பியா கம்பெனிக்கு மாறினதுக்கே ஒரு காரணம் அங்க பக்திப் பாட்டு ஆல்பம் போட விடுவாங்கங்கிறதுதான். அதே ஆளுதான் 1965-ல எல் பாசோவுல கிதார் பெட்டிக்குள்ள ஆயிரத்துக்கு மேல போதை மாத்திரையோட மாட்டினாரு. 1968-ல ஃபோல்சம் ஜெயில்ல கைதிங்க முன்னாடி பாடி உச்சத்துக்குப் போனாரு, அதே வருஷம் பாடகி ஜூன் கார்ட்டரோட கல்யாணம், அடுத்த வருஷம் சொந்தமா டிவி ஷோ. பிரசங்கி பில்லி கிரஹாம் கூட்டத்துல சாட்சி சொன்னாரு. 1986-ல அப்போஸ்தலர் பவுலைப் பத்தி ஒரு நாவலே எழுதினாரு. இதுக்கு நடுவுலதான் 1980கள்ல மறுபடி மாத்திரைக்கு அடிமையாகி பெட்டி ஃபோர்ட் சென்டர்ங்கிற போதை மறுவாழ்வு ஆஸ்பத்திரியில போய் படுத்தாரு. அதாவது மேடையில சாட்சியும் பாக்கெட்ல மாத்திரையுமா ஒரே காலத்துல ரெண்டும் ஓடியிருக்கு. வேஷக்காரன்னு சொல்லிடலாம், சுலபம். ஆனா நம்ம ஊரு பைபிள்ல பவுல் சொல்றதைப் பாருங்க, "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்." இதை எழுதுனவரைப் பத்தி ஒரு நாவல் எழுதணும்னு இவருக்குத் தோணினது தற்செயல்னு நான் நம்பல.

1986-லயே கொலம்பியா கழட்டி விட்டுருச்சு, 28 வருஷ உறவு. மெர்குரின்னு அடுத்த கம்பெனி, அங்க போட்டதெல்லாம் யாரும் சீண்டல. 1980-லயே கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம்ல போட்டோ மாட்டியாச்சு, 1992-ல ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்லயும் மாட்டியாச்சு, மாலை மட்டும்தான் போடல. மிசௌரியில பிரான்சன்னு ஒரு ஊரு, வயசான ஸ்டார்ங்க பஸ்ல வர்ற டூரிஸ்ட்டுக்கு பழைய ஹிட்டை பாடுற எடம், அங்க இவரு பேருல ஒரு தியேட்டர் கட்ட ஆரம்பிச்சது பாதியிலயே படுத்துருச்சு. கன்ட்ரி ரேடியோ முழுக்க அப்ப புது ஸ்டார் கார்த் புரூக்ஸ், ஸ்டேடியம், கயிறு கட்டிப் பறக்குறது. 60 வயசு கறுப்புச் சட்டைக்காரருக்கு அங்க எடமே இல்ல.

தாடிக்காரர் வந்தாரு

ரெக்கார்டு தயாரிப்பாளர் ரிக் ரூபினுக்கு அப்ப முப்பது வயசு. நியூயார்க்ல காலேஜ் ஹாஸ்டல் ரூம்லேர்ந்து டெஃப் ஜாம் கம்பெனியை ஆரம்பிச்சவரு, இந்தப் பக்கம் ரன் டிஎம்சி, பீஸ்டி பாய்ஸ்னு ராப், அந்தப் பக்கம் ஸ்லேயர்னு காது கிழியுற மெட்டல். 1993-ல டெஃப் அமெரிக்கன்ங்கிற தன்னோட புது கம்பெனி பேருலேர்ந்து டெஃப்ங்கிற வார்த்தையை எடுக்கணும்னு முடிவு பண்ணி அந்த வார்த்தைக்கு நெசமாவே சவப்பெட்டி வெச்சு சாவு எடுத்தாரு, அல் ஷார்ப்டன்னு ஒரு பிரபல பாதிரியாரைக் கூப்பிட்டு இரங்கல் பேச வெச்சாரு. அந்த மாதிரி ஆளு. முடி தோளுக்குக் கீழ, தாடி நெஞ்சு வரைக்கும். கலிஃபோர்னியாவுல கேஷோட ஒரு கச்சேரி முடிஞ்சு மேடைக்குப் பின்னாடி வந்து நின்னப்ப, குடிகாரனே பெருமைப்படுற மாதிரி உடுப்பு போட்டிருந்தாருன்னு கேஷ் எழுதியிருக்காரு.

எங்கிட்ட யாரும் பண்ணாத எதை நீ பண்ணப் போறேன்னு கேஷ் கேக்குறாரு. ரூபின் பதில் ரொம்ப சாதாரணம். கிதாரை எடுத்துட்டு மைக் முன்னாடி உக்காருங்க, உங்களுக்குப் பிடிச்ச பாட்டெல்லாம் பாடுங்க, பாப்போம். இதுல வேடிக்கை என்னன்னா கேஷுக்கு ரொம்ப வருஷமா இதே ஆசைதான், ராத்திரி தனியா உக்காந்து கிதாரோட பாடுற மாதிரி ஒரு ரெக்கார்டு போடணும்னு, யாரும் கேக்கல, அது எப்படிங்க விக்கும்னாங்க.

லாஸ் ஏஞ்சலிஸ்ல சன்செட் தெருவுக்கு மேல இருக்குற ரூபின் வீட்டு ஹால்லயும், டென்னசியில ஹெண்டர்சன்வில் பக்கம் கேஷோட காட்டுக் குடிலுலயும்தான் ரெக்கார்டிங். வேற மியூசிஷியன்ஸை வெச்சும் பாத்தாங்க, தனியா பாடினதே நல்லாயிருக்குன்னு வெட்டிட்டாங்க. டிரம்ஸ் இல்ல, பேஸ் இல்ல, கோரஸ் இல்ல. எனக்கு மொதல்ல கேட்டப்ப இது டெமோ போல இருக்கு, நெசமான ஆல்பம் வேற எங்கயோ இருக்கும்னு தேடினேன், சொல்லவே வெக்கமா இருக்கு. ஹெட்ஃபோன்ல கேளுங்க, பஸ்ல வேணாம், ராத்திரி கேளுங்க. கட்டைவிரல் தந்தி மேல உரசுறது கேக்கும், ஒரு வரி முடிச்சு மூச்சு இழுக்குறது கேக்கும், சில எடத்துல தாளம் லேசா முன்ன பின்ன போகும், அதையெல்லாம் திருத்தல. கன்ட்ரி பாட்டுக்குத் தலைநகரமான நாஷ்வில்ல இதை ஒருத்தன் பண்ணியிருந்தா இன்ஜினியர் எழுந்து போயிருப்பாரு.

இந்த மொட்டை சத்தம் அழகுக்காக மட்டும் வெச்சதில்ல, இதுதான் ஆல்பத்தோட வேலையே. பக்திப் பாட்டுன்னா ஒரு ஆர்கன், பின்னாடி நாலு பேரு ஹார்மனி, கொலைப் பாட்டுன்னா ஒரு ஸ்டீல் கிதார் அழுவுறதுன்னு இருந்தா கேக்குறவனுக்கு எங்க உருகணும் எங்க பதறணும்னு கை காட்டுன மாதிரி ஆயிடும். இங்க கை காட்ட யாருமே இல்ல.

டீலியா

மொத பாட்டே கொலை. டீலியாங்கிற பொண்ணை ஒருத்தன் நாற்காலியோட கட்டி வெச்சு சுட்டுட்டு ஜெயில்லேர்ந்து பேசுறான். ரெண்டு தடவை சுட்டேன்னு கணக்கு சொல்றான், அவ கெட்டவ, சுட வேண்டியதாப் போச்சுங்கிற மாதிரி பேசுறான், ராத்திரி ஆனா கட்டிலைச் சுத்தி அவ நடக்குற காலடிச் சத்தம் கேக்குதுன்னு ஜெயிலர்கிட்ட புலம்புறான். மெட்டு என்னமோ தலையாட்டுற மாதிரி ஜாலியா போகுது. கேஷ் இதே பாட்டை 1962-லயே ஒரு தடவை பாடியிருக்காரு, அது இவ்வளவு கொடூரமா இருக்காது. 94-ல பாடுறப்ப, கொலைகாரக் கைதி பேசுற என்னோட பழைய ஃபோல்சம் ஜெயில் பாட்டை எழுதின மனசுக்குள்ள மறுபடி போனேன், இப்ப வயசாயிருச்சு, மனுஷன் எவ்வளவு கீழ போவான்னு அப்பத்தை விட இப்ப நல்லாத் தெரியும்ங்கிற மாதிரி எழுதியிருக்காரு. வீடியோவை ஆன்டன் கோர்பைன் எடுத்தாரு, செத்துக் கிடக்குற பொண்ணா மாடல் கேட் மாஸ், குழிக்குள்ள கிடக்குற அவ மேல கேஷ் மண்ணு அள்ளிப் போடுறாரு. எம்டிவிக்காக சில எடம் வெட்ட வேண்டியதாச்சு.

சரி, இங்கதான் என் உறுத்தல். டீலியா கற்பனை ஆளு கிடையாது. டீலியா கிரீன்னு ஒரு கறுப்பினப் பொண்ணு, 14 வயசு, ஜார்ஜியா மாநிலம் சவானாவுல யாமக்ராங்கிற பகுதி. 1900-ம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மொத நாள் ராத்திரி ஒரு வீட்டுல எல்லாரும் கூடியிருந்தப்ப மோசஸ் ஹூஸ்டன்னு ஒரு பையன் வாய்த்தகராறுல சுட்டுட்டான், விடிஞ்சா கிறிஸ்துமஸ், அவ செத்துப் போனா. அவனுக்கும் கிட்டத்தட்ட அதே வயசுதான், கோர்ட்டுக்கு அரை டவுசரோட வந்தான். ஆயுள் தண்டனை குடுத்தாங்க, பன்னெண்டு வருஷத்துக்கு மேல இருந்துட்டு வெளிய வந்தான். அவ லாரல் குரோவ் கல்லறைத் தோட்டத்துல ரொம்ப காலம் பேரு எழுதின கல்லு கூட இல்லாம கிடந்தா. பாட்டு மட்டும் வாய்க்கு வாய் மாறி ஊரு ஊரா போச்சு, பஹாமாஸ் வரைக்கும் போச்சு, பல பேரு பாடினாங்க, கேஷுக்கு முந்தின வருஷம் 1993-ல பாப் டிலன் கூட பாடினாரு. கேஷ் பாட்டுல ஊரு மெம்பிஸ் ஆயிருச்சு, அரை டவுசர் பையன் மெஷின் கன் வெச்சிருக்குற முழு ஆளு ஆயிட்டான், 14 வயசு சின்னப் பொண்ணு தப்பான பொம்பள ஆயிட்டா.

நாட்டுப்புறப் பாட்டுல இது நடக்குறதுதான், நம்ம கதைப் பாட்டுங்கள்லயும் கொலைச் சிந்துலயும் செத்தவங்க பேரும் குணமும் பாடுறவன் வசதிக்கு மாறும். அதுக்காக கேஷைத் திட்டுறதுக்கு நான் வரல. ஆனா மீட்பைப் பத்தின ஆல்பம்னு எல்லாரும் கொண்டாடுற ஒண்ணுல, கொன்னவனுக்கு பத்துப் பாட்டு தூரத்துல ஒரு வழி தெரியுது, செத்தவளுக்கு ஒரு காலடிச் சத்தம்தான் பங்கு. இதை கேஷ் யோசிச்சாரா இல்லையான்னு நான் சொல்ல முடியாது. ஆனா அந்தக் காலடிச் சத்தத்தை அவரு பாடுற விதம் இருக்கே, அதுவரைக்கும் தெனாவெட்டா போற குரல் அங்க லேசா எறங்கும், ஒரு நொடிதான், திரும்ப மெட்டு பழையபடி தலையாட்ட ஆரம்பிச்சுடும். பயம்னு சொல்ற அளவுக்கு இல்ல. தூக்கம் கெட்டவன் குரல். பச்சாதாபம் இன்னும் வரல, தூக்கம் மட்டும் போயிருச்சு. பாவத்தைப் பத்தி இந்த ஆல்பம் சொல்றதுலயே உண்மையான எடம் அதுதான்னு எனக்குப் படுது.

நடுவுல கிடக்குறது

எல்லாப் பாட்டையும் வரிசையா சொல்லிட்டுப் போனா உங்களுக்கும் போர், எனக்கும் போர். ரயில் பாட்டு ஒண்ணு இருக்கு, குதிரை பாட்டு ஒண்ணு இருக்கு, நல்லா இருக்கும், விடுங்க. மூணாவது பாட்டு நிக் லோ எழுதினது, உள்ளுக்குள்ள கூண்டுல கிடக்குற மிருகத்தைப் பத்தினது. நிக் லோ ஒரு காலத்துல ஜூனோட மக கார்லினைக் கட்டியிருந்தவரு, அதாவது வீட்டு மாப்பிள்ளையா இருந்தவரு. மாமனாரை பக்கத்துலேர்ந்து பாத்த மாப்பிள்ளை எழுதின பாட்டு அது, அதனாலயோ என்னமோ அதுல புகழ்ச்சியே இல்ல.

அஞ்சும் ஆறும் அடுத்தடுத்து கேக்கணும். அஞ்சாவது கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் பாட்டு, ஏன் ஆண்டவரே எனக்குன்னு ஆரம்பிக்கும். நாம ஏன் எனக்கு மட்டும் இப்படின்னு கேக்குறது கஷ்டம் வந்தா. இதுல தலைகீழ், எனக்குக் கெடச்ச நல்லதுல ஒண்ணுக்காவது நான் என்ன தகுதிப்பட்டேன்னு கேக்குறான். கேஷ் அதை முட்டிபோட்டு அழுது பாடல, கணக்குப் புள்ளை வரவுல ஒரு தொகை இடிக்குதேன்னு பாத்துட்டு யோசிக்கிற மாதிரி பாடுறாரு. அது முடிஞ்ச அடுத்த மூச்சுல ஆறாவது பாட்டு, கிளென் டான்சிக் எழுதினது, மெட்டல்காரரு, பிசாசு படம் போட்ட சட்டை விக்கிற கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. பேரே இல்லாம பதிமூணுங்கிற நம்பரோட மட்டும் பொறந்தவன், போற எடமெல்லாம் நாசம், மன்னிப்பும் கேக்கல, கேக்குற எண்ணமும் இல்ல. குரல்ல ஒரு இழை மாறணுமே, மாறாது. எந்த சர்ச்சு பாடகரும் இந்த ரெண்டையும் அடுத்தடுத்து வைக்க மாட்டாங்க, எந்த மெட்டல் பாடகரும் வைக்க மாட்டாங்க.

நம்ம சபைகள்ல சாட்சி சொல்றவங்களை கேட்டிருப்பீங்க. நான் முன்னாடி குடிச்சேன், அடிச்சேன், கடன் வாங்கினேன், ஒரு நாள் ராத்திரி ஆண்டவர் தொட்டாரு, அன்னிலேர்ந்து எல்லாம் போச்சு. முன்னாடி, பின்னாடி, நடுவுல ஒரு தேதி. அந்த மாதிரி சாட்சி சொன்னவங்கள்ல தேதிக்கு அப்புறமும் சறுக்கினவங்க எத்தனை பேருன்னு யாரும் மைக்ல சொல்ல மாட்டாங்க. இந்த ஆல்பத்துல அந்தத் தேதியே இல்ல. கேஷுக்கு அப்படி ஒரு தேதிக் கதை ஏற்கெனவே இருந்துச்சு, 60கள் கடைசியில நிக்கஜாக்னு ஒரு குகைக்குள்ள சாகப் போய் படுத்தேன், கடவுள் எழுப்பி வெளிய அனுப்பினாருன்னு அவரே சொல்லி பிரபலமான கதை. சொன்ன மாதிரியே நடந்துச்சான்னு கேள்வி கேக்குறவங்களும் உண்டு. வித்துப் பழகின கதை அது, 94-ல அதை எடுத்து ஒரு பாட்டா வெச்சிருந்தா எல்லாரும் உருகியிருப்பாங்க. வைக்கல.

பத்தாவது டாம் வெயிட்ஸ் எழுதின பாட்டு. ஒரு எடம் இருக்கு, அங்க ரயிலு மெதுவாப் போகும், யாரு வேணா தொத்திக்கலாம். யாரு வேணான்னா நெசமாவே யாரு வேணா. காட்டிக்குடுத்த யூதாஸ், லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத்தைத் தூக்கிக்கிட்டு வர்றான். சட்டுனு நின்னு யோசிச்சா வயித்தைக் கலக்குற படம் இது. ஒரு துரோகி ஒரு கொலைகாரனுக்குத் தோள் குடுக்குறான், ரெண்டு பேருக்கும் டிக்கெட் கிடையாது, ரயில்காரன் நிறுத்தவும் இல்ல, விரட்டவும் இல்ல, வேகத்தை மட்டும் கொறைச்சுக் குடுக்குறான். மன்னிப்புக்கு இதைவிட நல்ல உவமை நான் ரொம்ப நாளா கேக்கல. அதே நேரம் டீலியா எந்த ஸ்டேஷன்ல நிக்கிறாங்கிற கேள்வி எனக்கு இங்கதான் மறுபடி வருது.

அதுக்கு அடுத்தது கேஷே எழுதின மீட்புப் பாட்டு. ரத்தம் கையிலேர்ந்து, விலாவுலேர்ந்து, காலுலேர்ந்து வழியுது, மரத்துக்கு உயிர் குடுக்குது. அப்புறம் ஒரு சின்னக் குரல் உள்ளேர்ந்து, உனக்கு வேற வழி இருக்குன்னு சொல்லுது, கொடி என்னைத் தன்னோட ஒட்டிக்கிச்சு, நான் மரத்தைக் கட்டிப் பிடிச்சேங்கிறாரு. இந்த ஒட்டுங்கிற விஷயம் பவுல் ரோமருக்கு எழுதினதுல வர்றது, காட்டு ஒலிவ மரத்துக் கிளையை நல்ல மரத்துல ஒட்ட வைக்கிறதுன்னு. நம்ம வீட்டுல ஒட்டு மாங்கன்னு வெச்சவங்களுக்கு இது உடனே புரியும். ஒட்டுக் கட்டுன எடத்துல ஒரு முடிச்சு மாதிரி தழும்பு இருக்கும், மரம் எவ்வளவு பெருசானாலும் அது தெரியும். கறுப்பு நாய்க்கு வெள்ளைக் கோடு மாதிரி. பாட்டா பாத்தா ஆல்பத்துல கொஞ்சம் வீக்கானது இதுதான், பிரசங்கம் மாதிரி இருக்கு, வெயிட்ஸோட ரயில் பக்கத்துல வெச்சா வார்த்தையெல்லாம் ஏற்கெனவே கேட்ட வார்த்தை. ஆனா அந்த ஒரு எடத்துல, கட்டிப் பிடிச்சேங்கிற எடத்துல, குரல் வயசான குரலா மாறுது. அதுக்காகவே பொறுத்துக்கலாம்.

சும்மா ஒரு தகவல், கிறிஸ்தவரே இல்லாத ரூபின்கிட்ட கேஷ் ஒரு நாள் திருவிருந்து எடுத்திருக்கியான்னு கேட்டு சேர்ந்து எடுத்திருக்காங்க, அது பழகிப் போய் கேஷோட கடைசிக் காலத்துல தினமும் ஃபோன்லயே அப்பமும் ரசமும் நடந்திருக்கு. யூதக் குடும்பத்துல பொறந்த தாடிக்காரர் கலிஃபோர்னியாவுல, பாப்டிஸ்டா வளந்த பெரியவர் டென்னசியில. ரூபின் பேட்டிகள்ல சொல்லியிருக்காரு.

வித்துச்சா

பெருசா இல்ல. அமெரிக்காவோட ஆல்பம் விற்பனை லிஸ்டான பில்போர்டு 200-ல 110 வரைக்கும் போச்சு, கன்ட்ரி லிஸ்ட்ல 23. கன்ட்ரி ரேடியோ கண்டுக்கவே இல்ல. ஆனா 1995-ல கிராமி கெடச்சுது, அதுவும் கன்ட்ரி பிரிவுல இல்ல, சமகால ஃபோக் ஆல்பம் பிரிவுல, கன்ட்ரிக்காரங்க இவரை எப்படி வெச்சிருந்தாங்கங்கிறதுக்கு வேற சாட்சி வேணாம். 1994 கோடையில இங்கிலாந்துல கிளாஸ்டன்பரி திருவிழாவுல பாடினாரு, எதிர்ல பேரன் வயசுப் பசங்க நின்னு கத்துறாங்க. அடுத்த ஆல்பம் 1998-ல சிறந்த கன்ட்ரி ஆல்பம்னு கிராமி வாங்கினப்ப ரூபின் பில்போர்டு பத்திரிகையில முழுப் பக்க விளம்பரம் குடுத்தாரு, கேஷ் நடுவிரலைக் காட்டுற பழைய சான் குவென்டின் ஜெயில் போட்டோவைப் போட்டு, நாஷ்வில்லுக்கும் கன்ட்ரி ரேடியோவுக்கும் உங்க ஆதரவுக்கு நன்றின்னு. பாவம் பத்திப் பேசுறோமே, அந்த விளம்பரத்தை எந்தக் கணக்குல சேக்குறதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க, எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

ரூபின் கெட்டிக்காரத்தனமா கிழவருக்கு கூல் சாயம் பூசி வித்தாருன்னு ஒரு கட்சி இருக்கு. பாதி உண்மை. கறுப்பு வெள்ளை போட்டோ, கேட் மாஸ், நடிகர் ஜானி டெப்போட வைப்பர் ரூம் கிளப்ல கச்சேரி, இதெல்லாம் யோசிச்சு செஞ்சதுதான். ஆனா சாயம் பூசுறவன் சுருக்கத்தை மறைப்பான். இங்க குரல்ல இருக்குற ஒவ்வொரு சுருக்கத்தையும் மைக்கைக் கிட்ட கொண்டு போய் காட்டியிருக்காங்க. அப்புறம் வந்த ஆல்பங்கள்ல 2002-ல வந்த நாலாவதைத்தான் எல்லாரும் தூக்கி வெச்சுப் பேசுவாங்க, அப்ப உடம்பு முடியாம குரலே நடுங்குது, கேட்டா கண்ணு கலங்கும். 2003-ல மே மாசம் ஜூன் போனாங்க, செப்டம்பர்ல இவரு போனாரு. அந்தக் கடைசி ரெக்கார்டிங்குகள்ல சாவு வந்து வாசல்ல நிக்கிறதால பாவியும் பக்தனும் ரெண்டு பேருமே சாந்தமாயிடுறாங்க. எனக்கு 94-தான் பெருசு. இதுல ஆளு இன்னும் தெம்பா இருக்காரு, இன்னும் தப்பு பண்ண முடியும், அதனால அந்த ரெண்டு நாயும் இன்னும் உறுமிக்கிட்டே இருக்கு.

கடைசிப் பாட்டு

மீட்புப் பாட்டு பதினொண்ணு. பன்னெண்டாவது, சண்டை முடிஞ்சு வீடு திரும்புற சிப்பாய் மாதிரி நான் ஆயிட்டேன்னு பாடுறாரு, எத்தனையோ தடவை செத்திருக்கணும், பொழச்சுக் கிடக்குறேன்னு. யாரா இருந்தாலும் அங்க முடிச்சிருப்பாங்க. அழகா முடிஞ்சிருக்கும், சர்ச்சு மணி அடிச்ச மாதிரி.

பதிமூணாவதா ஒரு காமெடி பாட்டு வெச்சிருக்காரு. லூடன் வெயின்ரைட் எழுதினது, 1993 டிசம்பர்ல வைப்பர் ரூம்ல ஜனங்க முன்னாடி பாடின பதிவு. நடிகர் ரிவர் ஃபீனிக்ஸ் அந்த கிளப் வாசல்ல நடைபாதையில விழுந்து செத்து ரெண்டு மாசம் கூட ஆகல அப்ப. ஒருத்தனுக்கு அழுகையே வராது. அவன் நாய் வண்டியில அடிபட்டுச் செத்துச்சு, அழல. பொண்டாட்டி விட்டுட்டுப் போனா, அழல. வேலை போச்சு, சண்டையில கை போச்சு, எழுதின நாவல் திரும்பி வந்துச்சு, ஜெயில்ல போட்டு அடிச்சாங்க, ஒரு சொட்டு வரல. டாக்டருங்க, விஞ்ஞானிங்க, கடைசியா இறையியல் படிச்சவங்க எல்லாரும் வந்து பாத்துட்டு இவன் மனுஷனே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க, பைத்தியக்கார ஆஸ்பத்திரியில போட்டாச்சு. அங்க மழை பேஞ்சா மட்டும் அழுவான். ஒரு தடவை நாப்பது பகல் நாப்பது ராத்திரி மழை, நோவா காலத்து மழை, அவனும் விடாம அழுதான், நாப்பத்தொண்ணாவது நாள் உடம்புல தண்ணி வத்திச் செத்துப் போனான்.

ஒவ்வொரு வரிக்கும் கிளப்ல சிரிக்கிறாங்க. கேஷ் சிரிக்கல, டீலியாவைப் பாடின அதே குரல்ல, ஆண்டவரே ஏன் எனக்குன்னு கேட்ட அதே குரல்ல பாடிக்கிட்டே போறாரு. செத்தவன் மேல போறான், அங்க அவனோட நாய் இருக்கு, தொலைஞ்ச கையும் திரும்ப வந்து சேந்துக்குது. கீழ அவனை ஜெயில்ல போட்டவங்க, விட்டுட்டுப் போனவ, கேலி பண்ணவங்க ஒவ்வொருத்தருக்கா கணக்கு தீக்கப்படுது, ஜெயில் எரிஞ்சு சாம்பலாவுது, அதுக்கப்புறம் பூமியில மழையே இல்ல. கிதார் நிக்குது, ஜனங்க கைதட்டி கத்துறாங்க.